வாசலில் நின்ற கொட்டை வாழை

என் தங்கை வாழையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று யாரிடமாவது சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் பஜ்ஜியைப் பற்றியதாகத்தான் இருக்கும். எந்தக் காயில் போட்டால் எண்ணெய் குடிக்காது என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் என்றால், சர்க்கரை உள்ளவர்கள் செவ்வாழை சாப்பிடலாமா என்பார்கள். இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியாது. ஒரு தடவை அவளிடமே கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

"நான் பழத்தைப் பாக்கறதில்ல அண்ணா. அது வந்த வழியைப் பாக்கறேன்" என்றாள்.

நான் பன்னிரண்டாவதோடு நின்றவன். தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். கூட்டத்தைக் கண்டால் தொண்டை அடைத்துக்கொள்கிற ஆளுக்கு இது என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்பதுண்டு. மண்டபத்தில் மேனேஜரை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் அதன் சுகம். எல்லோருடைய கண்ணும் மாப்பிள்ளை மேலும் பெண் மேலும் இருக்கும். மேனேஜரைத் தேடுவது தண்ணீர் நின்றால், கரண்ட் போனால், செருப்புத் தொலைந்தால். முதல் இரண்டையும் நிற்காமல் பார்த்துக்கொண்டால் ஒரு முகூர்த்தம் முழுவதையும் யாரோடும் பேசாமல் ஓட்டிவிடலாம். செருப்புக்கு நான் பொறுப்பில்லை என்று போர்டு வைத்திருக்கிறேன்.

அவளுடைய வேலையை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஒவ்வொரு செடிக்குள்ளும் அது எப்படி இருக்க வேண்டும் என்கிற குறிப்பு முழுவதும் எழுதியிருக்கிறதாம். அந்த எழுத்தை ஒன்று விடாமல் படித்தால் அதன் முன்னோர்கள் யார், யார் யாரோடு கலந்தார்கள், வழியில் எது தொலைந்தது, எது இரட்டித்தது என்று கண்டுபிடிக்கலாமாம். நாம் தின்கிற வாழை பெரும்பாலும் இரண்டு காட்டு வாழைகளின் வழியில் வந்தது. அந்த இரண்டுக்கும் பழம் முழுக்கக் கொட்டை. அவை எப்போதோ கலந்தபோது சில பிள்ளைகளுக்கு அந்தக் குறிப்பு இரண்டு பிரதிக்குப் பதிலாக மூன்று பிரதியாக வந்துவிட்டது. விதை உண்டாக வேண்டுமானால் பிரதிகள் ஜோடி சேர வேண்டும். மூன்று இருந்தால் சேராது.

"மேடையில மூணு பேர் மாலையோட நின்னா கல்யாணம் நடக்காதே, அது மாதிரியா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். பிறகு அதையே தன் வகுப்பில் சொல்லிக்கொடுத்தாளாம். ஆராய்ச்சிக்கு நான் செய்த உதவி அதுவரை அவ்வளவுதான்.

அந்த இரண்டு காட்டு வாழைகளில் ஒன்றின் தெற்கத்தி வகைதான் அவளுடைய ஆராய்ச்சி. மலையடிவாரத்தில் ஒரு வேலி ஓரத்திலிருந்து கன்று பெயர்த்துக் கொண்டுவந்து, வேளச்சேரியில் அவர்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் நட்டு வளர்த்தாள். வேளச்சேரியில் தாழ்வான இடம் என்றால் அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன மழைக்குத் தண்ணீர் ஏறி, நாள்கணக்கில் இறங்காமல் நின்றது. வாழைக்குத் தண்ணீர் பிடிக்குமே என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். கிழங்கு அழுகி ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. கரண்ட் இல்லாததில், உறைபெட்டியில் எடுத்து வைத்திருந்த இலைகளும் கெட்டுப்போயின. பழைய இடத்துக்கே போய்ப் பார்த்தாள். வேலி இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர் நின்றது.

எழுத்தில் பாதியைத்தான் படித்திருந்தாள். மீதியை மார்ச்சுக்குள் முடிக்காவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். அதை நம்பியிருந்த அவள் வேலையும் அதோடு போய்விடும். பொங்கலுக்கு மந்தைவெளி வீட்டுக்கு வந்தவள் வாழைப்பழத்தைக் கையில் எடுத்து உரிக்காமலே திரும்பத் தட்டில் வைத்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை முகூர்த்தம். இரண்டு வீட்டாரும் மயிலாப்பூர் பூர்வீகம். பிள்ளை வீட்டார் இப்போது கொட்டிவாக்கத்தில் தோட்டத்தோடு தனி வீடு கட்டிக்கொண்டு போய்விட்டவர்கள். விடிந்ததும் நான் என் அறையில் மோட்டார் ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் பெண்ணின் தாய்மாமா வந்து நின்றார். ஒரு கையால் தாடையைப் பிடித்திருந்தார்.

"நீங்கதான் மேனேஜரா?"

தலையாட்டினேன்.

"வாசல்ல கட்டியிருக்கேளே, அது வாழையா சீதாப்பழமா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் மூடிய கையை ஜன்னல் கட்டையில் வைத்துத் திறந்தார். மிளகை விடப் பெரிதாக, கறுப்பாக, நாலைந்து கொட்டைகள்.

"மாத்திரை போட்டுக்கணும், வெறும் வயிறா இருக்கேன்னு தார்ல மேலாப்ல பழுத்திருந்ததை ஒண்ணு பிச்சு வாயில போட்டேன். இதுல வெள்ளையா இருக்கறது என்னோட பல்லு."

பல்லும் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது வேறு.

"இந்தக் கொட்டையை நான் வெச்சுக்கலாமா சார்?"

"பல்லையும் வெச்சுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"எங்க இருக்கு அது?"

"எங்க வாசல்ல."

"நுனியில பூ இருக்கா?"

"பெருசாவே இருக்கு."

"எப்ப வெட்டின மரம்?"

"நேத்து சாயங்காலம் கட்டினாங்க."

தார் போட்ட மரம் புது இலை விடாதாம். அதனால் இலைக் குருத்து கிடைக்காது. வாழைப்பூவை மடல் மடலாக உரித்துக்கொண்டே போனால் நடுவில் வெள்ளையாக ஒரு குருத்து வரும் அல்லவா, அதுதான் வேண்டும், அதுவும் வாடுவதற்கு முன்னால் ஐஸில் வைத்தாக வேண்டும் என்றாள். "வெயில் ஏறக் கூடாது. யாரையும் தொட விடாதே. குறிப்பா சமையல்காரரை."

மரம் கட்டுகிறவர் வாசலில் தன் குட்டியானை வண்டியில் படுத்திருந்தார். இன்னொரு மரம் கிடைக்குமா என்று அறிய அவரை எழுப்பினேன்.

"இது எங்கேருந்துப்பா வந்துச்சு?"

"இன்னா சார், கம்ப்ளைண்டா?" என்று எழுந்து உட்கார்ந்தார். "கோயம்பேட்டுல எறக்கச் சொல்ல நம்ம மரம் ஒண்ணு பொளந்துகிச்சு. பக்கத்து லாரில இது கீதுன்னான். பாக்க ஜம்முனு இருந்துச்சு, ஏத்திக்கினு வந்துட்டேன். கட்றதுக்கு தானே கேட்ட, துன்றதுக்கா கேட்ட?"

"அந்த லாரி எந்த ஊர்து?"

"அது போய்க்கினே இருக்கும் சார் இந்நேரம். எனக்கு இன்னா தெரியும்?"

ஆக, உலகத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரே மரம் அந்த வாசலின் இடது பக்கம் கட்டியிருந்ததுதான்.

தங்கை ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் வெள்ளைத் தெர்மகோல் பெட்டி. உள்ளே நுழையும் முன்பே பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி வழிமறித்து, "ஐஸ்கிரீமா? சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொன்னாளே" என்றாள். தங்கை இல்லை என்று சொல்லியும் அந்த அம்மாள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டாள். வெறும் ஐஸ்கட்டியைக் கண்டு அவள் முகம் விழுந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தங்கை மரத்தைச் சுற்றி வந்தாள். தண்டைத் தடவினாள். கீழே விழுந்திருந்த மடலை எடுத்து உள்பக்கத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்குக் கூச்சமாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டேன். அவள் ஏறி, பூவை ஒரு கையால் வளைத்துப் பிடித்து, இன்னொரு கையால் கத்தியை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து நாதஸ்வரம் கிளம்பியது.

காசி யாத்திரையை நான் மறந்துவிட்டேன். எத்தனையோ கல்யாணம் பார்த்தவன், அன்றைக்கு மறந்துவிட்டேன். மாப்பிள்ளை சம்சாரம் வேண்டாம் என்று குடையும் விசிறியுமாகக் காசிக்குக் கிளம்புவார், பெண்ணின் அப்பா வழியில் மறித்துத் தேங்காய் கொடுத்துத் திரும்ப அழைத்து வருவார். கிளம்புவதும் மறிப்பதும் எல்லாம் வாசலில்தான். மொத்தக் கல்யாணமும் வெளியே வந்து, கையில் கத்தியோடு நாற்காலி மேல் நின்ற என் தங்கையைப் பார்த்து நின்றுவிட்டது. முன்னால் நின்றது பிள்ளையின் அம்மா. மடிசாரில், நெடுநெடுவென்று.

"யாரும்மா நீ? கல்யாண வாசல்ல கத்தியோட நிக்கறே?"

"வாழைப்பூ வேணும் மாமி."

"வடைக்கா?"

"ஆராய்ச்சிக்கு."

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் தங்கையிடம் ஒரு பழக்கம். யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால், அவர்களுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை என்று நினைத்துவிடுவாள்.

"இது சாதாரண வாழை இல்ல மாமி. இதுல விதை உண்டு. அதோ அந்தப் பக்கம் கட்டியிருக்கே, அதுல விதையே வராது."

"விதை வராதுன்னா?"

"அதால இனப்பெருக்கம் பண்ண முடியாது."

அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். காலம் கடந்துவிட்டது. நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். மாமி வலது பக்கத்து மரத்தை அடியிலிருந்து நுனி வரை பார்த்தாள்.

"எம்பிள்ளை கல்யாணத்துக்கு வாசல்ல இதையா கட்டியிருக்கேள்?"

"எல்லாக் கல்யாணத்துலயும் இதைத்தான் மாமி கட்டறாங்க" என்று தங்கை ஆறுதல் சொன்னாள்.

"அதான் தெருவுக்குத் தெரு அந்த ஆஸ்பத்திரியா வந்துடுத்து" என்றார் தாய்மாமா, தாடையைப் பிடித்தபடி.

மாமி விடவில்லை. "அடியில கன்னு விடறதே. அது அதோட கொழந்தை இல்லையோ?"

"இல்ல மாமி. அது அதே மரம்தான். இப்ப நீங்களே உங்க காலடியிலேருந்து திரும்ப மொளைச்சு வர்ற மாதிரி. ஒரு மாத்தமும் இருக்காது. திரும்பத் திரும்ப நீங்களேதான்."

மாப்பிள்ளையின் முகத்தில் நிஜமாகவே காசிக்குப் போய்விடலாமா என்ற யோசனை முதல் தடவையாகத் தெரிந்தது.

"அதை அவுத்துடுங்கோ" என்றாள் மாமி. "இதே மாதிரி இன்னொண்ணு கொண்டுவந்து கட்டுங்கோ."

மரம் கட்டுகிறவர் இரண்டு கையையும் விரித்தார். "இன்னொண்ணுக்கு நான் எங்கம்மா போவேன்? இதையே தெரியாம தூக்கியாந்தேன்."

"அப்போ ஒத்தை மரத்தோடயா என் மாட்டுப்பொண்ணு உள்ள வரணும்?"

பெண்ணின் அப்பா தேங்காயை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மரம் மண்டபத்தின் பொறுப்பு. மண்டபம் என்றால் நான். முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, பேசிவிட்டேன்.

"மாமி, அந்த மரத்துக்குச் சாவே கிடையாதாம். எத்தனையோ தலைமுறையா அதே மரம்தான் நின்னுக்கிட்டு இருக்குதாம். ஒரு பக்கம் சந்தானம், ஒரு பக்கம் ஆயுசு. ரெண்டும் வேணும்னுதான் ஜோடியா கட்டியிருக்கோம்."

"பேஷ்" என்றார் வாத்தியார். "தீர்க்காயுசு, சத்சந்தானம். மந்திரத்துலயும் அதானே கேக்கறோம்."

மாமி வலது மரத்தை மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை கொஞ்சம் மரியாதையோடு. நாதஸ்வரம் மறுபடி ஆரம்பித்தது. பெண்ணின் அப்பா போகிற போக்கில் என் கையைப் பிடித்து அழுத்தினார். எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் பேசி, அது எடுபட்டது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் மாமி திரும்பினாள். "ரெண்டையும் ஒருத்தரும் தொடப்படாது. எல்லாம் ஆனப்பறம் ஆத்துக்கு எடுத்துண்டு போறேன். தோட்டத்துல வெப்பேன். ஏம்மா, எறங்கு கீழ."

தங்கை இறங்கினாள். கத்தியைப் பையில் வைத்தாள்.

"இத்தனை வருஷமா வாயே தெறக்காம இருந்தியே அண்ணா" என்றாள். "இன்னும் அரைமணி நேரம் இருந்திருக்கக் கூடாதா?"

உள்ளே மாலை மாற்றினார்கள், ஊஞ்சல் நடந்தது, ஹோமப் புகை வந்தது. வெளியே வெயில் சுவரைத் தாண்டி மரத்தின் மேல் ஏறியது. நான் ஒரு துண்டை நனைத்துப் பூவைச் சுற்றிக் கட்டினேன். காய்ந்தால் திரும்ப நனைத்தேன். வருகிறவர்கள் இது ஏதோ புதுச் சடங்கு என்று நினைத்துக்கொண்டு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர் அந்த மரத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். தங்கை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு பேராவது அவளிடம் பட்டர்ஸ்காட்ச் கேட்டார்கள். கடைசியில் வந்தவரிடம், "தீர்ந்துபோச்சு சார்" என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரல் உடைந்திருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. "உள்ள போய்ப் பேசு. பாடம் நடத்தாதே. என்ன போச்சுன்னு மட்டும் சொல்லு" என்றேன்.

கெட்டிமேளம் கொட்டி, தாலி ஏறி, மாமி கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ள நாற்காலியில் சாய்ந்த சமயம் தங்கை போய் நின்றாள். நான் தூணுக்குப் பின்னால். அவள் மழையைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு மரமாகச் சாய்ந்ததைச் சொன்னாள். பாதி படித்ததையும் மார்ச்சையும் சொன்னாள். ஜோடி சேராத மூன்று பிரதி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எல்லாமே போயிடுத்தா? ஒண்ணுகூட மிஞ்சலையா?" என்றாள் மாமி.

"ஒண்ணுகூட இல்ல."

மாமி விசிறிக்கொண்டாள். "இதோட கொட்டையை என் தோட்டத்துல போட்டா மொளைக்குமோ?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம், தங்கை விட்டுவிட்டாள். "சந்தேகம்தான் மாமி. ரொம்ப அடம் பிடிக்கும். மண்ணுல போட்டா வருஷம்கூட ஆகலாம், வராமலும் போகலாம். லேப்ல கொட்டையைப் பொளந்து உள்ள இருக்கற கருவைத் தனியா எடுத்துக் கண்ணாடிக் குழாய்ல வளர்த்தா வரலாம். அதுலயும் நிறைய போயிடும்."

"கருவைக் கண்ணாடிக் குழாய்ல" என்று மாமி மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அந்த வகை வைத்தியம் அவளுக்குத் தெரிந்ததுதான். பக்கத்து வீட்டிலேயே ஒரு குழந்தை அப்படிப் பிறந்திருக்கிறதாம். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி. பூவை எடுத்துக்கோ. கொட்டையையும் எடுத்துக்கோ. மொளைச்சா மொதச் செடி எனக்கு."

"கண்டிப்பா மாமி."

தங்கை வாசலுக்கு ஓடினாள். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அவள் ஏறிக் கத்தியைப் பூக்காம்பில் வைத்தபோது உள்ளேயிருந்து மாமியின் குரல்.

"நில்லு. மணி என்ன?"

வெள்ளிக்கிழமை பத்தரை ஆகியிருந்தது. ராகு காலம்.

"பன்னெண்டுக்கு மேல வெட்டிக்கோ" என்றாள் மாமி, மிகவும் அன்பாக.

தங்கை நாற்காலி மேலேயே கண்ணை மூடிக்கொண்டாள். ராகு என்பது என்ன, எங்கே இருக்கிறது என்று அவள் ஆரம்பித்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். அதற்குள் மரம் கட்டுகிறவர் பக்கத்தில் வந்தார்.

"வெட்றதுதானே மேடம் கூடாது? மரத்தை அவுக்கலாம்ல? எனக்கு மத்தியானம் வேற எடம் கீது."

மாமி யோசித்தாள். அவிழ்ப்பதற்கு ராகு காலம் தடையில்லை என்று வாத்தியார் தீர்ப்புச் சொன்னார்; அவருக்குப் பசி வந்திருந்தது. மரத்தை அவிழ்த்து மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் போனோம். அங்கே நிஜமான ஐஸ்கிரீம்காரர் தன் பெரிய பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார். தாரின் நுனியை மட்டும் ஒரு பெட்டிக்குள் விட்டு, மேலே சாக்குப் போட்டு மூடினோம். மரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வரைக்கும் அந்தப் பெட்டியிலிருந்து யாருக்கும் ஐஸ்கிரீம் எடுக்க விடாமல் தங்கை காவல் இருந்தாள். பந்தியில் குழந்தைகளின் அழுகை கேட்டது.

பன்னிரண்டு அடித்ததும் மாமியே வந்து, பூவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, "ம்" என்றாள். தங்கை வெட்டினாள். மடல்களை உரித்துப் போட்டுக்கொண்டே போய், நடுவில் விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒன்றை எடுத்து ஐஸில் வைத்து மூடினாள். பிறகு பழுத்த பழங்களையும் பறித்துக்கொண்டு ஆட்டோ ஏறினாள். உரித்துப் போட்ட பூவைச் சமையல்காரர் வாரிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அதில் ஆராய்ச்சிக்கு ஆட்சேபம் இருக்காது என்று விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளைக் குருத்தில் எழுத்து நன்றாக வந்ததாம். அவள் தொலைத்த வகையேதானா என்று கேட்டேன். அது இல்லை, ஆனால் அதன் பங்காளி என்றாள். இன்னும் என்னவோ சந்தோஷமாகச் சொன்னாள். நம்மூர் வாழைகள் சிலவற்றில் இருக்கும் ஒரு துண்டு இதில்தான் முழுதாக இருக்கிறது என்று புரிந்தது. மார்ச்சில் ஆராய்ச்சியை மூடவில்லை. நீட்டித்தார்கள்.

எனக்குத்தான் நிம்மதி போயிற்று. தங்கை ஆய்வுக்கூடத்தில் போனை எடுக்க மாட்டாள். மண்டபத்தின் நம்பர் மாமியிடம் இருந்தது. "மொளைச்சுதா?" என்பாள், ஹலோகூட இல்லாமல். இல்லை மாமி என்பேன். "கொழாய் கதகதப்பா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்கோ" என்று வைத்துவிடுவாள். விதைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூஞ்சை பிடித்துப்போய்க்கொண்டிருந்தன. அதை மாமியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு நாள் அந்தக் கல்யாணப் பெண்ணே மண்டபத்துக்கு வந்தாள். ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. நான் எழுந்து நின்றேன்.

"சார், உங்க தங்கைகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அவசரமே இல்லைன்னு சொல்லுங்கோ."

"எதுக்கும்மா?"

"எங்காத்துல என்னை யாரும் ஒண்ணும் கேக்கறதில்லை. மாமியாரைப் பாக்க வரவாள்ளாம் என்னைப் பாத்து ஆரம்பிச்சா, 'மொதல்ல அது மொளைக்கட்டும், அப்பறம் இவளைக் கேக்கலாம்'னு சொல்லிடறா. எனக்கு ஆபீஸ்ல ப்ரமோஷன் வர நேரம். ஒரு ரெண்டு வருஷம் மொளைக்காம இருந்தா ரொம்ப உபகாரமா இருக்கும்."

நான் தலையாட்டினேன். தங்கையிடம் சொல்லவில்லை. அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. குழாய்களில் இரண்டோ மூன்றோதான் மிச்சம்.

அடுத்த மழைக்கு முன்னால் ஒன்று முளைத்தது. ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் போய்விட்டது. தங்கை போனில் சொன்னபோது சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"மொதச் செடி அவங்களுக்குன்னு சொல்லிட்டேன் அண்ணா. இதைக் கொடுத்துட்டா எனக்கு ஒண்ணும் இல்ல."

"அவங்களுக்கு மொளைச்சது தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியுமே" என்றாள்.

அன்று சாயங்காலம் நானே மாமிக்குப் போன் செய்து சொன்னேன். "நாளைக்கே வரேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் மாமி மருமகளையும் கூட்டிக்கொண்டு வேளச்சேரிக்கு வந்தாள். வாசலில் செருப்பை விட்டு, அவர்கள் கொடுத்த நீலத் தொப்பியைக் கொண்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். நானும் போனேன். கண்ணாடிக் குழாய்க்குள், சுண்டுவிரல் நகத்தளவு, பச்சையாக ஒன்று நின்றது. மாமி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆணா பொண்ணா?"

"ரெண்டும்தான் மாமி. ஒரே பூக்கொத்துல ரெண்டும் வரும்."

"சமத்து" என்றாள் மாமி. பிறகு பக்கத்தில் வரிசையாக இருந்த காலிக் குழாய்களைப் பார்த்தாள். "இதுலல்லாம் என்ன?"

"எல்லாம் போயிடுச்சு மாமி" என்றாள் தங்கை. குழாயை எடுத்துப் பஞ்சு வைத்த டப்பாவில் வைத்து, இரண்டு கையாலும் மாமியிடம் நீட்டினாள்.

மாமி வாங்கவில்லை. "எங்காத்துல உப்புக் காத்து" என்றாள். "நேக்கு இதுக்கெல்லாம் பக்குவம் தெரியாது. இங்கேயே இருக்கட்டும். பிரசவம் பாத்தவா கையிலயே வளரட்டும். நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து பாத்துட்டுப் போறேன்."

தங்கை குழாயைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தாள். மருமகள் எனக்குப் பின்னால் நின்று கொண்டு, மாமியார் வீட்டில் இல்லாத வெள்ளிக்கிழமைகளை எண்ணிப் பார்க்கிறவள் மாதிரி இருந்தாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை.

மாமி சொன்னால் சொன்னதுதான். வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. ஆராய்ச்சி மாணவிகளுக்குப் புளியோதரை வருகிறது. அவர்களில் இரண்டு பேருக்கு வரனும் வந்திருக்கிறது. அந்த நாளில் முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று தங்கை சொல்கிறாள். போன வெள்ளிக்கிழமை நடு மத்தியானம் எனக்குப் போன் செய்தாள், மெதுவான குரலில்.

"அண்ணா, குழாய்க்குக் குங்குமம் வெக்கணும்னு நிக்கறாங்க. என்ன பண்றது?"

"உள்ளயா வெளியயா?"

"வெளிய."

"வெளியன்னா வெச்சுக்கட்டுமே" என்றேன்.